கதைச்சு என்ன வரப்போகுது?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய குரல்செய்தியைக் கேட்டேன். "மாமி, குளிசை மட்டும் காணாதாம். வாரத்துக்கு ஒருக்கா ஒராளோட இருந்து கதைக்கட்டாம். ஒரு வருசம் போகும், கூடவும் போகலாம் எண்டு டொக்டர் சொல்றார். கதைச்சு என்ன வரப்போகுது?" என்று கேட்டிருந்தாய். அரை நிமிடக் குரல்செய்தியில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறுதலாக இருந்து வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி உளநலப் பிரிவு வாசலில் போட்டிருக்கும் அந்த வாங்கில் இருப்பதே உனக்கு எவ்வளவு அந்தரமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களுடையது சின்ன ஊர். மருந்தெடுக்க வந்த யாரோ ஒரு சொந்தக்காரர் கண்டால் பின்னேரத்துக்குள் கதை உவர்மலை வரைக்கும் போய்விடும். அப்படியிருந்தும் நீ போனாய். உன்னை நினைத்து எனக்குச் சந்தோசம்.

உனக்குச் சொல்லப்பட்டிருப்பது முழு உளப்பகுப்பாய்வு இல்லை என்பதை முதலில் விளங்கிக்கொள். முழு உளப்பகுப்பாய்வில் வாரத்துக்கு நாலைந்து நாள் போகவேண்டும். சாய்கட்டிலில் படுத்துக்கொண்டு பேசவேண்டும். பகுப்பாய்வாளர் தலைமாட்டுப் பக்கம், உன் கண்ணுக்குப் படாமல் இருப்பார். அது வருடக்கணக்கில் நடக்கும். சிக்மண்ட் பிராய்ட் வியன்னாவில் பேர்காசே 19ஆம் இலக்க வீட்டில் வாரத்துக்கு ஆறு நாளும் ஒரே நோயாளியைப் பார்த்தவர். அதிலிருந்து பிறந்த முறைதான் உனக்குக் கிடைக்கப்போவது. வாரத்துக்கு ஒரு நாள், ஐம்பது நிமிடம், முகத்துக்கு முகம். உன் விஷயத்தில் கொழும்பிலிருந்து திரையில் வரப்போகும் தமிழ் உளவியலாளர். அளவு வேறாக இருந்தாலும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். மனிதர் தன்னையறியாமல் சுமந்து திரிவதை, கேட்கத் தெரிந்த ஒருவரிடம் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி அறிந்துகொள்ளலாம். அறிந்தபின் அதன் பிடி தளரும்.

இந்த முறையைப் பிராய்ட் கண்டுபிடித்தார் என்று புத்தகங்களில் இருக்கும். ஒரு இளம் பெண் கண்டுபிடித்தாள் என்று சொல்வதுதான் நியாயம் என்பது என் எண்ணம். பெர்த்தா பாப்பென்ஹைம் என்பது அவளுடைய பெயர். 1880இல், சாகக் கிடந்த தன் தகப்பனைப் பராமரித்துக்கொண்டிருந்தபோது நோயில் விழுந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. கை அசையவில்லை, தண்ணீர் குடிக்க முடியவில்லை, தாய்மொழியான ஜெர்மன் வாயில் வராமல் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். யோசெப் புரோயர் என்ற வைத்தியர் பின்னேரங்களில் வந்து அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொல்லையும் முதன்முதலில் எப்போது தொடங்கியது என்று அவள் பேசிப் பின்னோக்கிப் போகப் போக, அந்தத் தொல்லை விட்டுப்போனது. பேச்சாலே சுகம் வருகிறது என்று பெயர் வைத்தவளும் அவள்தான். 1895இல் புரோயரும் பிராய்டும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் "அன்னா ஓ" என்ற மறைபெயரில் அவள் வருகிறாள்.

அந்தப் புத்தகத்தை வாசித்தால் அவள் முழுக்கச் சுகமாகிவிட்டாள் என்றே தோன்றும். நடந்தது அப்படியில்லை. 1882இல், அந்தப் பேச்சுச் சிகிச்சை முடிந்த கையோடு, சுவிற்சர்லாந்தின் குரொய்ஸ்லிங்கன் சுகநிலையத்தில் அவளைச் சேர்க்க வேண்டி வந்தது. மெல்ல மெல்லத்தான் எழும்பினாள். பிறகு அநாதைப் பிள்ளைகளுக்காகவும், கடத்தி விற்கப்பட்ட பெண்களுக்காகவும் உழைத்து, 1904இல் ஜெர்மன் யூதப் பெண்களின் சங்கத்தைத் தொடங்கினாள். இரண்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். பேச்சு வேலை செய்கிறது. ஒரு நாளில் அழுது தீர்த்துச் சுகமாகி எழும்பிப் போகிற கதைகளை நம்பாதே.

சரி, அந்த ஐம்பது நிமிடத்தில் என்ன நடக்கும்? மனதில் வருவதை வருகிறபடி சொல்லச் சொல்வார்கள். வெட்கமானது, சில்லறையானது, சம்பந்தமில்லாதது என்று நீயே தள்ளிவைக்கக் கூடாது. கேட்க லேசாக இருக்கும். செய்துபார்த்தால்தான் தெரியும், மனிதருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை குறைவு. நீ புத்திமதி எதிர்பார்ப்பாய். நாங்கள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான்; கரைச்சல் என்று போனால் ஐயர், அதிபர், பெரியப்பா, யாராக இருந்தாலும் இப்படிச் செய் என்று ஒன்றைச் சொல்லி அனுப்புவார்கள். இவர் சொல்லமாட்டார். "அதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று உன்னிடமே திருப்பிக் கேட்பார். சில நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பார். காசு கட்டி ஒருவர் சும்மா இருப்பதைப் பார்க்கவா என்று உனக்குக் கோபம் வரும். வந்தால் அந்தக் கோபத்தை அவரிடமே சொல்லு. அதுவும் மனதில் வருவதுதானே.

முதல் ஐந்தாறு வாரம் உனக்குச் சுகமாக இருக்கும். இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்ன லேசு அது. அதன்பிறகு ஒரு காலம் வரும். அதைப் பற்றி உன்னை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். சொல்ல ஒன்றுமில்லாதது போல இருக்கும். நீ கதைக்கிற நாளான வியாழக்கிழமை வந்தால் தலையிடிக்கும், இணைப்பு சரியில்லை என்று சாட்டுச் சொல்லத் தோன்றும், கம்பஸ் வேலை திடீரென்று அவசரமாகிவிடும். நித்திரை முன்னைவிடக் கெட்டுப்போகலாம், கனவுகள் கூடலாம். சிகிச்சை பிழைத்துவிட்டது என்று நினைத்துப் பலர் விட்டுவிட்டு ஓடுவது அந்த இடத்தில்தான். நான் இந்தத் துறையில் வேலைசெய்த காலத்தில் அப்படிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் ஏதோ ஒன்றுக்குக் கிட்ட வந்திருந்த நேரத்தில்தான் போனார்கள். அந்த நேரத்தில் விடாமல் போய், "எனக்கு இங்கே வரப் பிடிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வதுதான் நீ செய்ய வேண்டியது.

இன்னொன்றும் நடக்கும். உன் வாழ்க்கையில் முக்கியமாக இருந்தவர்களை அந்த உளவியலாளரில் நீ காணத் தொடங்குவாய். அவர் கடிகாரத்தைப் பார்த்தால் உன்னில் சலித்துவிட்டார் என்று நினைப்பாய். ஒரு சொல் தவறினால் ஏசிவிட்டார் என்று நினைப்பாய். இல்லாவிட்டால் உலகத்தில் உன்னை விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான் என்று ஒட்டிக்கொள்வாய். பிராய்ட் இதை முதலில் சிகிச்சைக்குத் தடை என்று நினைத்தார். பிறகு சிகிச்சையே இதில்தான் நடக்கிறது என்று கண்டுகொண்டார். ஞாபகத்துக்கு வராததை மனிதர் வாழ்ந்து காட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் 1914இல் எழுதிய ஒரு கட்டுரையின் கருத்து. நீ எந்த நட்பையும் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று உன் அம்மா சொல்லிக் கவலைப்படுவா. அவர்கள் விட்டுப்போக முன்னம் நீ விட்டுவிடுகிறாய் என்று எனக்குத் தோன்றும். 2007இல் ஒரு காலை வேலைக்கென்று சைக்கிளில் போன உன் அப்பா திரும்பி வராதபோது உனக்கு ஐந்து வயது. அந்த உளவியலாளர் சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு வாரம் லீவு எடுப்பார். அந்த இரண்டு வாரமும் உனக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்து வைத்திரு. இரண்டு வாரத்துக்குப் பொருந்தாத அளவில் ஏதாவது உன்னைப் பிடித்து உலுக்கினால், அவர் திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் கதைக்க வேண்டும். வருடக்கணக்கு ஏன் எடுக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான காரணமும் இதுதான். ஒருவர் போய்த் திரும்பி வருவதை, உன் கோபத்துக்குப் பிறகும் அங்கேயே இருப்பதை, நீ பல தடவை அனுபவிக்க வேண்டும். அதைச் சொல்லித் தந்து புரியவைக்க முடியாது.

பிராய்டைப் பெரிய சாமியாக நினைத்துவிடாதே. அவரிடம் 1900 ஒக்டோபரில் இடா பவர் என்ற பதினேழு வயதுப் பெண்ணைத் தகப்பன் கொண்டுவந்து விட்டார். "டோரா" என்ற பெயரில் அவளைப் பற்றி அவர் எழுதினார். தகப்பனின் சிநேகிதர் ஒருவர் சின்ன வயதிலிருந்தே அவளைத் தொந்தரவு செய்திருக்கிறார். வீட்டில் சொன்னபோது அவள் கற்பனை பண்ணுகிறாள் என்றார்கள். அவள் சொன்னது உண்மை என்று பிராய்ட் நம்பினார். ஆனால் நம்பியபின் அவளுக்கும் அந்த ஆளில் உள்ளூர ஆசை இருந்தது என்று நிறுவுவதிலேயே நின்றார். டிசம்பர் 31ஆம் திகதி, இதுதான் கடைசி நாள் என்று சொல்லிவிட்டு அவள் எழும்பிப் போய்விட்டாள். தன்னை அவள் யாராகக் கண்டாள் என்பதை நேரத்துக்குப் பிடிக்கத் தவறிவிட்டேன் என்று 1905இல் அச்சிட்ட அறிக்கையில் பிராய்டே ஒத்துக்கொண்டார். அவள் போனது சரிதான் என்று நான் நினைக்கிறேன். நீ சொல்வதைக் கேட்காமல் தன் விளக்கத்தை உன்மேல் ஏற்றுகிறவரிடம் நீயும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் கஷ்டமாக இருப்பதால் ஓடுவது வேறு, கேட்கப்படாததால் வெளியேறுவது வேறு. இது எது என்று அவரிடமே கதைத்துப் பார்த்த பிறகு முடிவெடு.

இப்போது எங்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இந்த ஊரில் கதைக்காமல் இருந்ததால் உயிர் தப்பினவர்கள் நாங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் பதினேழு பேர். கண்டவர்கள் இருந்தார்கள். கண்டதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் எல்லோரும் கண்டார்கள். பஸ்ஸில் கதைப்பதில்லை, ரெலிபோனில் பெயர் சொல்வதில்லை, பிள்ளைகள் முன்னால் ஒன்றும் இல்லை. உன் அப்பாவைப் பற்றி நீ கேட்டபோதெல்லாம் உன் அம்மா "சாப்பிடு" என்று சொன்னது அன்பில்லாததால் இல்லை. பள்ளிக்கூடத்தில் நீ ஒரு சொல் தவறிச் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் அது. அந்த மௌனத்தை நான் குறைவாக மதிக்கமாட்டேன். ஆனால் அது உனக்குள் இன்னும் நிற்கிறது. றோட்டில் எடுத்துவிட்ட சோதனைச் சாவடி உன் தொண்டைக்குள் மட்டும் எடுபடாமல் இருக்கிறது. விடிய இரண்டு மணிக்கு நீ வியர்த்து எழும்புவதும், மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்வதும் அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தம் எங்கள் சனத்தின் மனதை என்ன செய்தது என்று 1998இலேயே ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தனியாளை மட்டுமில்லை, ஊரையும் உறவையும் ஒருவரில் ஒருவர் வைத்த நம்பிக்கையையும் அது உடைத்தது என்று பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். அவரை வாசித்தபோது எங்கள் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றே எனக்கு இருந்தது.

கன்னியாவுக்கு உன்னைச் சின்னவயதில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஏழு வெந்நீர்க் கிணறும் ஒவ்வொரு சூட்டில் இருப்பதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாய். இராவணன் தன் தாய்க்குக் கடமை செய்த இடம் என்பது ஐதீகம். அந்தியேட்டிக் கிரியைக்கு எங்கள் சனம் அங்கே போவதும் அதனால்தான். முப்பத்தோராம் நாள் என்று ஒரு நாள் குறித்து, சாம்பலும் நீரும் மந்திரமுமாக, போனவர் போய்விட்டார் என்று மனதுக்குச் சொல்லிவிடுகிறோம். துக்கம் தானாகக் கரைவதில்லை, அது மனம் துண்டு துண்டாகச் செய்து முடிக்க வேண்டிய வேலை என்று 1917இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் பிராய்ட் எழுதியது எங்கள் பெரியவர்களுக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது. என் தம்பிக்கு, உன் அப்பாவுக்கு, நாங்கள் கன்னியாவுக்குப் போகவில்லை. எந்த நாளை வைத்து எண்ணுவது? உடல் இல்லை, திகதி இல்லை. உன் அம்மா இன்றைக்கும் பொட்டு வைக்கிறா. கலியாண வீட்டில் முன்வரிசைக்கும் வருவதில்லை.

இப்படிப்பட்ட இழப்புக்குப் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் அவர் ஆரம்பித்த வேலை அது. இப்படிப்பட்ட குடும்பங்களிடம் "இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளுங்கள், முன்னேறுங்கள்" என்று நெருக்குவது கொடுமை என்பதை அவர் எழுதினார். காணாமல் போனவர் இல்லை, ஒருவேளை இருக்கலாம் என்ற இரண்டு நினைப்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டே வாழப் பழகலாம் என்றார். மருமகன், உன்னை யாரும் உன் அப்பாவைச் சாகடிக்கச் சொல்லமாட்டார்கள். சொன்னால் சம்மதிக்காதே. உன் மனதில் இருக்கும் அப்பாவோடு உனக்கு என்ன கணக்கு இருக்கிறது என்பதைத்தான் அந்த ஐம்பது நிமிடத்தில் பார்க்கப்போகிறாய். அவரில் உனக்குக் கோபம் இருக்கலாம். விட்டுப்போனவர் தன் விருப்பத்தில் போகவில்லை என்று தெரிந்தும் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கோபம் வரும். அதை யாரிடமும் சொல்ல முடியாமல், அதற்காக உன்னையே தண்டித்துக்கொண்டு வந்திருக்கிறாயோ என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம். நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் சரக்கு, எங்களுக்கு ஒத்துவராது என்று உன் நண்பர்கள் சொல்லக்கூடும். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற வைத்தியர் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். பிராய்டோடு ஏறக்குறைய இருபது வருடம் கடிதம் எழுதியவர். நேரில் சந்தித்ததே இல்லை. ஐரோப்பிய நோயாளிகளைப் போல எங்கள் நோயாளிகள் இல்லை என்று பிராய்டுக்கே எழுதி வாதாடியவர். பிராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு 1931இல் அந்தச் சங்கம் தந்தத்தில் செய்த ஒரு விஷ்ணு சிலையை அனுப்பியது. அவர் அதைத் தன் மேசையில் வைத்திருந்தார். எங்கள் நாட்டில் கணநாத் ஒபேசேகர கதிர்காமத்துச் சடைமுடிச் சாமியாடிகளோடு பேசிப் பழகி, 1981இல் ஒரு அருமையான புத்தகம் எழுதினார். செத்துப்போன தாய் தகப்பனில் இருந்த அன்பும் குற்றவுணர்வும் அந்த மனிதர்களின் சடையிலும் ஆட்டத்திலும் எப்படி உருவம் எடுத்தன என்பதைப் பிராய்டின் துணையோடு அவர் காட்டினார்.

யுத்த காலத்தில் மட்டக்களப்பில் பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் கண்டதும் எனக்கு முக்கியம். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் அம்மன் கோயிலில் வாக்குச் சொல்கிறவர்களிடம் போனார்கள். முகாமில் பிள்ளை பட்ட அடியை வாக்குச் சொல்கிறவர் தன் உடலில் பட்டு அலறினார். வெளியில் ஒருவரும் வாய்திறக்க முடியாத நாட்டில், கோயில் முற்றத்தில் மட்டும் உண்மை சத்தமாக வந்தது. உன் அம்மா பத்திரகாளி அம்மனிடம் போவதை நீ இனி ஏளனமாகப் பார்க்கக் கூடாது. அங்கே தெய்வம் பேசும், தாய் கேட்பாள். நீ போகிற இடத்தில் பேசுவது நீயாக இருக்க வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். ஒன்றுக்காக மற்றதை விடவேண்டியதில்லை.

ஏன் இரண்டு மூன்று நாளில் முடிக்க முடியாது என்றும் நீ யோசிப்பாய். சுனாமிக்குப் பிறகு கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கமெல்லாம் வெளிநாட்டவர்கள் உளவளத்துணை என்று வந்து நிறைந்தார்கள். நல்ல மனிதர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒருநாள் இருத்தி, நடந்ததை முழுக்கச் சொல்லவைத்து அழவைத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். அப்படி ஒரே அமர்வில் கிண்டிவிடுவது பிற்காலத்து மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்கு அதைக் கூட்டவும் கூடும் என்று சுனாமிக்கு முன்பே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். திறந்ததை மூடவும் ஒருவர் வேண்டும்; அடுத்த கிழமையும் அவர் அங்கே இருக்கவேண்டும்.

நீண்ட சிகிச்சைக்கு என்ன அத்தாட்சி என்று உன்னைப் போல் படிக்கிற பிள்ளை கேட்கத்தான் வேண்டும். லண்டன் டாவிஸ்டொக் நிலையத்தில் 129 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. எல்லோரும் இரண்டு சிகிச்சையாவது செய்தும் தீராத நாட்பட்ட மனச்சோர்வு உள்ளவர்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை உளப்பகுப்பாய்வு வழியில் பதினெட்டு மாதம் பேச்சுச் சிகிச்சை. மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சை மட்டும். பதினெட்டு மாதம் முடிந்தபோது இரு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 30 பேருக்கு நோய் கணிசமாகத் தணிந்திருந்தது. மற்றவர்களில் 100க்கு 4 பேருக்குத்தான். சிகிச்சை நின்ற பின்னும் மனம் அந்த வேலையைச் செய்துகொண்டு போகிறது என்றே இதை நான் விளங்கிக்கொள்கிறேன். முழுமையாகக் குணமானவர்கள் 100க்கு 15 பேர் அளவில்தான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கவலையே இல்லாத மனிதனாக நீ வெளியே வரப்போவதில்லை. நித்திரை கொள்ளவும், ஒரு சிநேகிதியோடு சண்டை பிடித்துவிட்டு மறுநாளும் அவளோடு கதைக்கவும், அப்பாவின் படத்தை அலுமாரிக்குள்ளிருந்து வெளியே எடுக்கவும் முடிந்தால் அது பெரிய காரியம். உனக்கு வந்திருப்பது வேறு வகையானதாக இருந்தால், குறிப்பிட்ட ஒரு பயத்துக்கோ வழக்கத்துக்கோ நாலைந்து மாதத்தில் முடிகிற சிந்தனை, நடத்தைப் பயிற்சி முறையே போதும் என்று நானே சொல்லியிருப்பேன். அந்த முறையை உண்டாக்கிய ஆரோன் பெக் உளப்பகுப்பாய்வு படித்து அதிலிருந்து விலகியவர்தான். உன்னுடையது அப்படியானது இல்லை என்று உன் டொக்டர் நினைக்கிறார், நானும் நினைக்கிறேன்.

இனி நடைமுறைக் காரியங்கள். குளிசையை நீயாக நிறுத்தாதே. கதைக்கத் தொடங்கிவிட்டோமே என்று விடுவதும் ஆபத்து. குறைப்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும். முதல் நாளே அந்த உளவியலாளரிடம் என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், நான் சொல்வதை எந்தச் சந்தர்ப்பத்தில் வேறொருவருக்குச் சொல்வீர்கள் என்று கேள். நல்லவர் கோபிக்கமாட்டார். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும் என்பார். அது சரியான பதில். பெயர், ஊர், ஆமி, இயக்கம் பற்றி அவர் குறிப்பெடுக்கிறாரா, எங்கே வைக்கிறார் என்றும் கேள். எங்கள் ஊர்க்காரருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. உன்னோடு வெளியில் சிநேகமாகப் பழகப் பார்த்தால், தொட்டால், தன் கதையை உன்னிடம் கொட்டினால், அன்றைக்கே நிறுத்தி உன் டொக்டரிடம் சொல்லு.

தமிழில்தான் கதை. எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் மொழி தெரியாத வைத்தியரிடம் இடையில் இன்னொருவர் நின்று மொழிபெயர்க்க, நெஞ்சடைப்பும் மனவருத்தமும் ஒரே சொல்லாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். கம்பஸில் ஆங்கிலம் நன்றாகக் கதைக்கிறாய் என்பதால் நோகிற இடம் வரும்போது ஆங்கிலத்துக்குத் தாவாதே. அம்மா உன்னை ஏசுகிற பாஷையில் சொல்லு. காசு முடியாமல் போகிற மாதம் வந்தால் ஒளிக்காமல் அவரிடம் சொல்லு, அவர் குறைக்கக்கூடும்; முடியாவிட்டால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், காசு இல்லை. விடிய இரண்டு மணிக்கு உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் வியாழக்கிழமை வரைக்கும் பார்த்திருக்காதே. 1926 என்ற இலக்கத்துக்கு எடு, அது தேசிய உளநல நிறுவனத்தின் இலவச இலக்கம், தமிழிலும் கதைப்பார்கள். 1333உம் இருக்கிறது. எனக்கும் எடுக்கலாம், எந்த நேரமும்.

எப்போது முடிப்பது என்பதை இருவரும் சேர்ந்து முன்கூட்டியே கதைத்து, ஒரு திகதி வைத்து முடியுங்கள். ஒரு நாள் போகாமல் விட்டுவிடுவதால் அது முடியக் கூடாது. விடைபெறாமல் போனவரின் பிள்ளை நீ. உனக்கு ஒருவரிடம் முறையாக விடைபெறுகிற அனுபவம் ஒரு தடவையாவது கிடைக்கவேண்டும்.

உன் வீட்டில் இரண்டு அறை, நடுச்சுவர் பலகை. அம்மா குசினியில் நிற்கிறா என்று தெரிந்தால் நீ ஒன்றும் சொல்லமாட்டாய். வியாழன் பின்னேரம் என் வீட்டுப் பின்னறையை உனக்கு விடுகிறேன். யன்னலைச் சாத்தினால் சத்தம் வெளியே வராது, மேசையும் கதிரையும் இருக்கிறது, இணைப்புக் கடவுச்சொல்லை எழுதி ஒட்டிவைக்கிறேன். அந்த ஒரு மணித்தியாலமும் நான் கடைக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து என்ன கதைத்தாய் என்று கேட்கமாட்டேன். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டால் மாமி வீட்டுக்கு என்று சொல்லு, மிச்சத்தை மச்சாளோடு நான் கதைக்கிறேன். எனக்கும் அவவோடு கதைக்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
மாமி